நீலகிரியின் பழங்குடிக் குடியிருப்புகளில் சட்ட உதவி முகாம் நடத்துவது எப்படி

சட்டக் கல்லூரி ஒவ்வொன்றும் மூத்த ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் சட்ட உதவி மையம் ஒன்றை நடத்த வேண்டும் என்பது இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளில் உள்ள நிபந்தனை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு வழங்குகிறது. பழங்குடியினர் இதற்காக வருமானச் சான்று காட்ட வேண்டியதில்லை. ஏற்பாடுகள் இவ்வளவு இருந்தும், சமவெளியிலிருந்து மலைக்கு வரும் முகாம்களில் பல, ஒரு பதாகை, சமத்துவம் பற்றிய ஓர் உரை, ஒரு கட்டுத் துண்டறிக்கை, ஒரு குழுப் படம் ஆகியவற்றோடு முடிந்துவிடுகின்றன. எல்லோருக்கும் ஒரே துண்டறிக்கையைக் கொடுப்பதைச் சமமாக நடத்துவதாக எண்ணிக்கொள்வதே இதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன். ஆவணம் உள்ளவரையும் இல்லாதவரையும் சட்டம் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டுமானால், இல்லாதவர் பக்கம் போய் அவர் சொல்வதைச் சட்டம் ஏற்கும் வடிவில் எழுதித் தர ஆள் வேண்டும். அந்த வேலையைச் செய்யும் முகாமை எப்படி நடத்துவது என்பதை இங்கே எழுதுகிறேன்.

மலை ஏறுவதற்கு முன்

முதல் வேலை வகுப்பறையில் தொடங்குகிறது. அரசமைப்புச் சட்டத் தாளில் ஐ.ஆர். கொயலோ வழக்கின் 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் படிக்காத மாணவர் இல்லை. நீதிமன்றத்தில் எதிர்க்கப்படாமல் சட்டங்களைக் காக்கும் அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டங்களும், அரசமைப்பின் அடிப்படைகளை நாடாளுமன்றமும் மாற்ற முடியாது என்னும் அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டுக்கு உட்பட்டவையே என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு கூறிய வழக்கு அது. ஆனால் அந்த வழக்கின் மையத்தில் இருந்தது 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்மம் எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் என்பதையும், கூடலூரிலும் பந்தலூரிலும் இன்றும் ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்று மக்கள் பேசுவது தோட்டக் குத்தகைகளைப் பற்றிய அதே சட்டத்தின் 17ஆம் பிரிவைத்தான் என்பதையும் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. காடு என்றால் என்ன என்பதற்கு 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் விரிந்த பொருள் கொடுத்த கோதவர்மன் திருமுல்பாடு வழக்கும் இதே கூடலூர்ப் பகுதியில் நடந்த மரவெட்டை எதிர்த்துத்தான் தாக்கலானது. இந்த இரண்டு தீர்ப்புகளையும் கூடலூர் வட்டத்தின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு நடத்துங்கள். ஜென்மிக்கு (பரம்பரை நிலவுடைமையாளருக்கு) ஓர் உரிமை, குத்தகைதாரருக்கு ஓர் உரிமை, வனத்துறைக்கு ஓர் உரிமை என்று வாதங்கள் நடந்த அந்த நிலத்தில் பணியர்களும் காட்டுநாயக்கர்களும் எங்கே குடியிருந்தார்கள், அந்த வழக்குகளில் அவர்கள் தரப்பாக இருந்தார்களா என்ற கேள்வியை மாணவர்களே எழுப்புவார்கள்.

அடுத்து, மாவட்டத்தில் யார் யார் வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் எளிதில் பாதிப்புக்கு உள்ளாகும் பழங்குடிகள் என்று அடையாளம் காணப்பட்ட தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்களும் நீலகிரியில் இருக்கின்றன. உதகை அருகே முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. முகாமுக்கு முன்பு மாணவர்கள் அங்கே ஒரு முழு நாள் செலவிடுவது நல்லது. தோடர் மந்து (குடியிருப்பு) ஒன்றில் மேய்ச்சல் நிலத்தையும் எருமைகளையும் பற்றி வரும் கேள்வி, பந்தலூர்ப் பக்கத்துப் பணியர் காலனியில் வராது. அங்கே தலைமுறை தலைமுறையாக நிலவுடைமையாளரிடம் அடிமைப்பட்டு உழைத்த குடும்பங்களின் கேள்வி, குடியிருக்கும் இடமாவது தம்முடையதா என்பதாகவே இருக்கும். ஒரே சட்டத்தின் வெவ்வேறு பிரிவுகள் இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தருகின்றன.

ஒரு பொய்யான நம்பிக்கையை மாணவர்கள் மலைக்குக் கொண்டுவரக் கூடாது என்பதற்காக இதையும் சொல்லிவிடுகிறேன். பழங்குடிப் பகுதிகளுக்கு அரசமைப்பு தனி நிர்வாகம் வகுத்திருக்கும் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே அத்தகைய பகுதிகளில் கிராம சபைக்கு அதிகாரம் தரும், ‘பெசா’ என்று அழைக்கப்படும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே பொருந்தாது. நீலகிரியில் கிராம சபைக்குக் காட்டின் மீது அதிகாரம் வருவது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் வழியாகத்தான்.

யாருக்கு எந்த வாசல்

வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்கு ஓர் அளவுகோலும் பிற பாரம்பரிய வனவாசிகளுக்கு வேறோர் அளவுகோலும் வைத்திருக்கிறது. பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பு காட்டு நிலத்தை அனுபவித்து வந்ததைக் காட்டினால் போதும். அனுபவத்தில் உள்ள அளவுக்கு, அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை, உரிமை அங்கீகரிக்கப்படும். பழங்குடியினர் அல்லாதவர்கள் அந்தத் தேதிக்கு முந்தைய மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டில் வாழ்ந்து காட்டைச் சார்ந்திருந்ததைக் காட்ட வேண்டும். அதாவது 1930க்கே போக வேண்டும். மவுண்டாடன் செட்டி, வயநாடன் செட்டி போன்ற பழைய விவசாயக் குடும்பங்கள் சிலவற்றால் இதை நிறுவ முடியலாம்.

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களால் இதை நிறுவவே முடியாது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி என்று எங்கே முகாம் போட்டாலும் தாயகம் திரும்பியோர் குடும்பங்கள் வருவார்கள். பக்கத்துக் காலனிக்குக் கிடைத்த படிவம் தங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி அது. ‘பார்க்கலாம்’ என்று சொல்லி ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுப்பது அவர்களுக்குச் செய்யும் துரோகம். வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு வாசல் திறக்கவில்லை என்பதை நேராகச் சொல்லி, ஓய்வுக்குப் பிறகு தோட்டக் குடியிருப்பைக் காலி செய்யச் சொன்ன நோட்டீஸ், பணிக்கொடைப் பாக்கி, பட்டியல் சாதிச் சான்று, வீட்டுமனைப் பட்டா மனு என்று அவர்களுக்குரிய வாசல்களுக்குத் தனி மேசை ஒன்றைப் போடுங்கள். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி இவர்களிலும் பெரும்பாலோருக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. ஒரு மலையில் இரண்டு ஏழைக் குடும்பங்களைச் சட்டம் இப்படிப் பிரித்து வைத்திருப்பது சரியா என்று மாணவர் கல்லூரிக்குத் திரும்பிய பின் கட்டாயம் விவாதிக்க வேண்டும்.

நாள், இடம், மொழி

பந்தலூர், தேவாலா, கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை விடாது. கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளில் அக்டோபருக்குப் பின் வடகிழக்குப் பருவமழையும் மண்சரிவும் உண்டு. கல்லூரியின் கால அட்டவணைக்கு வசதி என்பதற்காக இந்த மாதங்களில் முகாம் வைக்காதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பாதை நன்றாக இருக்கும், ஆனால் காப்பி, மிளகு பறிக்கும் காலமும் அதுவே. ஒரு நாள் கூலியை இழந்து வருமாறு யாரையும் கேட்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கி மாலை நான்கு மணிக்குள் முடித்துவிடுங்கள். யானை நடமாடும் வழிகளில் இருட்டிய பிறகு மக்களைத் தனியாக வீட்டுக்கு அனுப்புவது ஆபத்து.

கூடலூரின் திருமண மண்டபத்திலோ ஊராட்சி அலுவலகத்திலோ முகாமை வைத்தால், வரத் தயங்காதவர்கள் மட்டுமே வருவார்கள். வழக்கு இருந்தும் வாய் திறக்காதவரைத் தேடித்தான் முகாம் நடக்கிறது. அதனால் குடியிருப்புக்கே போங்கள். போவதற்கு முன் ஊர் மூப்பரிடம் அனுமதி கேளுங்கள், கூடவே அங்குள்ள பெண்களில் ஒருவரிடமும் தனியாகப் பேசிவையுங்கள். ஆண்கள் முன்னிலையில் கேட்க முடியாத கேள்விகள் பெண்களுக்கு இருக்கும். மாணவிகள் இருவர் ஒதுக்குப்புறமாக ஒரு திண்ணையில் உட்கார்ந்திருப்பது மேடையில் நிற்கும் வழக்கறிஞரைவிடப் பயன்படும்.

மொழி விஷயத்தில் கவனம் தேவை. பணியர், இருளர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் ஆகியோரில் பலர் தமிழைப் புரிந்துகொள்வார்கள். ஆனால் கேட்டுப் புரிந்துகொள்ளும் மொழியும், தன் நிலம் பறிபோன கதையைச் சொல்லும் மொழியும் ஒன்றாக இருப்பதில்லை. பள்ளி இறுதி முடித்த உள்ளூர் இளைஞர்களை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சார்பு சட்டத் தன்னார்வலர்களாக (பாரா லீகல் வாலண்டியர்) பதிவு செய்ய ஏற்பாடு செய்து, அவர்களையே மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். அந்த வேலைக்கு அவர்களுக்கு மதிப்பூதியமும் கிடைக்க வழி உண்டு. எஸ்டேட் மேஸ்திரியையோ உள்ளூர் அரசியல்வாதியையோ மொழிபெயர்ப்பாளராக ஒருபோதும் வைக்காதீர்கள்.

சொல்லை எழுதுவது

முகாமின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வன உரிமைச் சட்டத்தின் கீழ் தனிநபர் உரிமைக்குப் படிவம் ‘ஏ’, சமூக உரிமைக்குப் படிவம் ‘பி’, சமூக வன வளத்தைப் பாதுகாத்து நிர்வகிக்கும் உரிமைக்குப் படிவம் ‘சி’ என்று மூன்று இருக்கின்றன. படிவத்தை நிரப்புவது எளிது. அதனோடு இணைக்கும் சான்றில்தான் மனுக்கள் விழுகின்றன. வன உரிமை விதிகளின் 13ஆம் விதி ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, வரி ரசீது ஆகியவற்றோடு நிற்கவில்லை. சமப்படுத்திய நிலம், வரப்பு, பழைய கிணறு, இடுகாடு, வழிபாட்டு இடம், மனுதாரர் அல்லாத மூத்தவரின் எழுத்து மூலமான வாக்குமூலம் ஆகிய அனைத்தும் சான்றுகளே. ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகள் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. குறிப்பிட்ட ஓர் ஆவணம்தான் வேண்டும் என்று கோட்ட அளவிலான குழுவோ மாவட்ட அளவிலான குழுவோ வற்புறுத்தக் கூடாது என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாகவே சொல்கிறது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களின் நினைவைச் சான்றாக ஏற்றுக்கொண்ட இந்த விதியை, நம் சாட்சியச் சட்ட வகுப்புகளில் ஒரு முழுப் பாடமாகவே நடத்தலாம்.

மூத்தவரின் வாக்குமூலத்தை எழுதும்போது ‘மேற்படி மனுதாரர் மேற்படி நிலத்தை நெடுங்காலமாக அனுபவித்து வருகிறார்’ என்று ஒரே வாசகத்தை இருபது மனுக்களுக்கும் அச்சடிக்காதீர்கள். அவர் சொன்ன விவரம் அவர் சொன்ன முறையிலேயே இருக்கட்டும். மாதிரிக்கு ஒன்று:

“எனக்கு வயது எழுபதுக்கு மேல் இருக்கும். இந்தக் காலனியில்தான் பிறந்தேன். மனு போட்டிருக்கும் பெண்ணின் மாமியாரை அவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்குத் தெரியும். வீட்டுக்கு மேற்கே நிற்கும் பலாவை வைத்தவர் அந்தப் பெண்ணின் மாமனார். அவரையும் அவர் மனைவியையும் ஓடைக்கு அந்தப் பக்கம் உள்ள இடுகாட்டில் அடக்கம் செய்தோம். இடுகாட்டிலிருந்து பலா மரம் வரைக்கும் அவர்கள்தான் ராகி போட்டார்கள். நான் சொன்னதை எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது.”

இந்தச் சில வரிகளில் சட்டத்துக்கு வேண்டியவை அனைத்தும் இருப்பதைக் கவனியுங்கள். சொல்பவர் மனுதாரர் அல்லர். மரம், இடுகாடு என நேரில் போய்ப் பார்க்கக்கூடிய இரண்டு அடையாளங்கள் வந்துவிட்டன. அவை தனிச் சான்றாகவும் நிற்கும். நிலத்தின் எல்லை சொல்லப்பட்டிருக்கிறது, தலைமுறைத் தொடர்ச்சியும் இருக்கிறது. மாணவர் உடனே அந்த மரத்தடிக்குப் போய்க் கைபேசியில் இருப்பிடக் குறிப்புடன் படம் எடுத்து, கைவரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பாட்டியிடம் பேசும்போது ‘எந்த ஆண்டு?’ என்று கேட்டால் பதில் வராது. ‘உங்கள் மூத்த பிள்ளை பிறந்தபோது இந்த வீடு இருந்ததா பாட்டி?’ என்று கேட்டால் வரும்.

மனைவியின் பெயரைக் கேட்காமல் எந்தப் படிவத்தையும் மூடாதீர்கள். திருமணமானவர் எனில் உரிமை ஆவணம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்று வன உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு ஆணையிடுகிறது. ஐந்து நிமிட வேலைதான், ஆனால் பிற்காலத்தில் அந்தப் பெண் வீட்டை விட்டுத் துரத்தப்படாமல் இருப்பதற்கு அதுவே ஆதாரம். பழங்குடியினருக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் தானாகப் பொருந்தாது என்பதால், மகளுக்கும் மனைவிக்கும் நிலத்தில் பங்கு உண்டா என்பது வழக்கத்தையும் நீதிமன்றத்தையும் சார்ந்தே இருந்து வருகிறது. வன உரிமை ஆவணத்தில் பெயர் ஏறிவிட்டால் அந்தச் சிக்கலில் பாதி தீர்ந்தது.

மனுக்களைக் கிராம சபைதான் ஏற்று, வன உரிமைக் குழுவை நேரில் அனுப்பிச் சரிபார்க்க வேண்டும். குழுவில் 10 முதல் 15 பேர், மூன்றில் இரண்டு பங்கினர் பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் என்ற கணக்கைச் சரிபாருங்கள். தீர்மானம் நிறைவேறும் கூட்டத்தில் உறுப்பினர்களில் பாதிப் பேர் வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும், மனுதாரர்களில் பாதிப் பேராவது இருக்க வேண்டும். கையெழுத்துப் பக்கத்தில் இந்த எண்ணிக்கையை மாணவர் ஒருவர் பென்சிலால் கூட்டிப் பார்த்தால், பின்னால் ஒரு மனு தேவையில்லாமல் திரும்பி வராது. சரிபார்ப்பு நாளை வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் எழுத்தில் தெரிவித்து, ஒப்புகையைக் கோப்பில் வையுங்கள். அவர்கள் வராததைப் பின்னர் ஆட்சேபணையாக எழுப்பினால், மனு மறு சரிபார்ப்புக்காகக் கிராம சபைக்குத் திருப்பி அனுப்பப்படலாம். அதற்கும் வராவிட்டால் கள ஆய்வு பற்றிய கிராம சபையின் முடிவே இறுதி.

கூடலூர், நெல்லியாளம் நகராட்சிகளுக்குள்ளும் பழங்குடிக் குடியிருப்புகள் உண்டு. நகராட்சியில் வழக்கமான கிராம சபை கூடுவதில்லை என்பதால், அங்கே சபையை யார் கூட்டுவது என்பதை மாவட்ட ஆட்சியரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகு மனுக்களை எழுதத் தொடங்குங்கள்.

சாதிச் சான்று

தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான சான்றைத் தருபவர் வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். தாசில்தாரிடம் மனு கொடுத்து அலைய வைக்காதீர்கள். பட்டியலில் ‘குறும்பர்’ என்ற பதிவு நீலகிரி மாவட்டத்துக்கு மட்டும் உரியது. முள்ளுக்குறும்பர், பெட்டக்குறும்பர், ஆலுக்குறும்பர் ஆகியோர் அதன் கீழ் வருவார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லை தாண்டி வயநாட்டிலிருந்து மணமாகி வந்த பெண்களின் சான்றுகளில் சிக்கல் வரும். ஒரு மாநிலத்தில் பெற்ற பழங்குடித் தகுதி இடம்பெயர்ந்தவரோடு இன்னொரு மாநிலத்துக்கு வராது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் கூறியிருக்கிறது. இப்படிப்பட்ட மனுக்களை முகாமிலேயே முடிவு செய்ய முற்படாமல், பிறந்த இடம், தந்தையின் இருப்பிடம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வழக்கறிஞரிடம் ஒப்படையுங்கள்.

கடினமான கேள்விகள்

பதினெட்டு வயது நிறையாத பெண்ணும் இளைஞனும் சமூக வழக்கப்படி சேர்ந்து வாழத் தொடங்கி, பிரசவத்துக்கு மருத்துவமனைக்குப் போன இடத்தில் வயது தெரியவந்து, இளைஞன் போக்சோ சட்டத்தில் கைதாகும் வழக்குகளைப் பற்றி உங்களிடம் கேட்பார்கள். 2012ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் சமூக வழக்கத்துக்கு விலக்கு இல்லை. குழந்தைகளின் பாதுகாப்புக்காக வந்த சட்டம் என்பதால், அதை அலட்சியம் செய்யுமாறு சாடையாகக்கூடச் சொல்லக் கூடாது. அதே சமயம், ‘உங்கள் வழக்கம் குற்றம்’ என்று மேடையில் முழங்குவதும் கூடாது; அப்படிப் பேசினால் அடுத்த பெண் பிரசவத்துக்கு மருத்துவமனைக்கே போகமாட்டாள். வயதுக் கணக்கைப் பெண்களிடமும் இளைஞர்களிடமும் தனித்தனியாக, அமைதியாக விளக்குங்கள். கைதானவர் இருந்தால், அவருக்குச் சட்ட உதவி வழக்கறிஞர் அமர்த்தப்பட்டாரா என்பதை 15100 என்ற எண்ணிலோ வட்டச் சட்டப் பணிகள் குழுவிலோ அன்றைக்கே கேட்டு உறுதி செய்யுங்கள்.

நிலத்திலிருந்து வெளியேறச் சொல்லி மிரட்டல் இருந்தால், மனு பரிசீலனை முடியும் வரை வெளியேற்றக் கூடாது என்னும் வன உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவைச் சொல்லிக்கொடுங்கள். பழங்குடியினரின் வன உரிமையை அனுபவிக்கவிடாமல் தடுப்பது 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றம்.

திரும்பிய பிறகு

நிராகரிப்பு உத்தரவு வந்தால், அதை மனுதாரரிடம் நேரில் கொடுத்திருக்க வேண்டும், விரிவான காரணமும் இருக்க வேண்டும். மேல்முறையீட்டுக்குக் காலம் 60 நாள். முகாம் முடிந்து பேருந்து ஏறியவர்கள் அந்த 60 நாளைத் தவறவிடுவதுதான் மலையில் நடக்கும் பெரிய அநீதி. ஆகவே ஒவ்வொரு மனுவுக்கும் பொறுப்பான மாணவர் ஒருவர், அவருக்குப் பின் பொறுப்பேற்கும் இளைய மாணவர் ஒருவர் என்று இரண்டு பெயர்களைப் பதிவேட்டில் எழுதுங்கள். இறுதியாண்டு மாணவர் ஜூன் மாதம் போய்விடுவார், மனு போகாது. ஆதார் நகல்களை மூட்டையாகச் சேர்த்துக் கல்லூரியில் வைக்காதீர்கள். மனுவின் ஒப்புகைச் சீட்டையும் நகலையும் மனுதாரரிடமே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு, எண்ணையும் தேதியையும் மட்டும் நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். படம் எடுத்து வெளியிடும் வேலையும் வேண்டாம்.

மதிப்பெண் கொடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நடைமுறைப் பயிற்சித் தாளில் எத்தனை முகாம் என்று எண்ணாமல், ஒரு மனுவை அதன் முடிவு வரை தொடர்ந்தாரா என்று பாருங்கள். முகாமில் உதவிய உள்ளூர் இளைஞர்களில் ஒருவரையேனும் சட்டக் கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்க வையுங்கள், கட்டணச் சலுகை, விடுதி, கல்வி உதவித்தொகை மனுக்களை உங்கள் மாணவர்களே எழுதிக் கொடுக்கட்டும்.

உரிமை ஆவணம் வந்துவிட்டால், இருவர் பெயரும் இருக்கிறதா, பரப்பும் எல்லையும் கிராம சபைத் தீர்மானத்தோடு பொருந்துகிறதா என்று படித்துப் பாருங்கள். அதன்பின் வருவாய், வனத்துறைப் பதிவேடுகளில் அந்த உரிமையை ஏற்றவும் விதிகளில் காலக்கெடு உண்டு, அதிகபட்சம் மூன்று மாதம். அது கடந்தும் பதிவாகவில்லை என்றால், ஆவணத்தின் நகலை இணைத்து மாவட்ட ஆட்சியருக்கு நினைவூட்டு மனு அனுப்பி, அதன் ஒப்புகையையும் அதே பிளாஸ்டிக் உறையில் சேர்த்துவிடுங்கள்.